பாடகனாகும் கனவும் கையில் ஒரு தொழிலும்

பாட வேண்டும், மேடை ஏற வேண்டும் என்ற ஆசை உள்ள மாணவர்களுக்கு நாம் வழக்கமாக இரண்டே அறிவுரைகளைத்தான் தருகிறோம். "பாட்டு சோறு போடாது, படிப்பைப் பார்" என்பது ஒன்று. "கனவை விடாதே, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடு" என்பது மற்றொன்று. முதலாவது வீட்டில் கேட்பது. இரண்டாவது தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் கேட்பது. இரண்டுமே மாணவனைப் பாதி வழியில் விட்டுவிடுகின்றன என்பது என் கருத்து. ஒரு கலைஞன் முதல் கைதட்டலுக்குப் பிறகு அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளை எப்படி வாழ்ந்து முடிக்கிறான் என்பதைப் பற்றி இரண்டு அறிவுரைகளுமே வாய் திறப்பதில்லை.

அதைப் பற்றிப் பேச உலகப் புகழ் பெற்ற நட்சத்திரங்கள் உதவமாட்டார்கள். அவர்களின் வாழ்க்கை நம்மில் பெரும்பாலோருக்கு வாய்க்காத வாழ்க்கை. எனவே நான் வேறொரு கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் கண்ட்ரி இசையும் ராக் அண்ட் ரோலும் பாடியவர்கள் அவர்கள். தங்கள் நாட்டு எல்லையைத் தாண்டினால் அவர்களைப் பெரும்பாலோருக்குத் தெரியாது. சொந்த நாட்டிலும் அவர்களின் பாட்டு பெரிய அரங்குகளைவிட ஊர்த் திருவிழாக்களிலும், சிறிய மண்டபங்களிலும், லோரி ஓட்டுநர்கள் கூடும் விழாக்களிலும்தான் நெடுங்காலம் வாழ்ந்தது. ஆனால் அவர்களின் வாழ்க்கையில் நம் மாணவர்கள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

வானொலி வழியே வந்த இசை

அமெரிக்காவின் மாடு மேய்ப்பவர்களும் லோரி ஓட்டுநர்களும் பாடும் பாட்டு ஜெர்மனிக்கு எப்படிப் போனது? 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் தென்பகுதியில் அமெரிக்கப் படைகள் தங்கின. தங்கள் வீரர்களுக்காக அவர்கள் நடத்திய ஏஎஃப்என் என்ற வானொலி, கண்ட்ரி, ஜாஸ் பாடல்களையும் பின்னர் ராக் அண்ட் ரோலையும் ஒலிபரப்பியது. அந்த ஒலிபரப்பு வீரர்களுக்கானதுதான் என்றாலும் பக்கத்து வீட்டு ஜெர்மானியப் பிள்ளைகளின் காதுகளை யார் மூட முடியும்? பாடநூலில் இல்லாத ஓர் இசையை ஒரு தலைமுறையே வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கற்றுக்கொண்டது.

அதற்கு முன்பே நிலம் பண்பட்டிருந்தது. கார்ல் மே என்ற ஜெர்மானிய எழுத்தாளர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கண்ணால் காணாமலேயே அதைக் களமாகக் கொண்டு எழுதிய சாகசக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். மியூனிக் நகரில் 1913-லேயே ஒரு கௌபாய் மன்றம் தொடங்கப்பட்டிருந்தது.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. கண்ட்ரி இசையின் பெரும்பெயரான ஜானி கேஷ், 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப் படை வீரராக பவேரியா மாநிலத்தின் லான்ட்ஸ்பெர்க் நகரில் பணியாற்றியவர். அவர் முதல் கிட்டாரை வாங்கியதும் சக வீரர்களோடு முதல் இசைக்குழுவை அமைத்ததும் அங்கேதான். 1958 முதல் 1960 வரை எல்விஸ் பிரெஸ்லி இராணுவ சேவைக்காக ஃபிராங்க்ஃபர்ட் அருகே உள்ள ஃபிரீட்பெர்க்கில் இருந்தார். பாட் நவ்ஹைம் என்ற சிறு நகரில் குடியிருந்தார். ஜெர்மானிய இளைஞர்களுக்கு ராக் அண்ட் ரோல் திடீரென்று அடுத்த தெருச் செய்தியாகிவிட்டது.

பள்ளி வயதில் வந்த புகழ்

அந்தக் காலத்துப் பிள்ளைகளில் ஒருவர் ஹரால்ட் ஷூப்ரிங். பெர்லினில் 1942-இல் பிறந்து, எல்விஸ் தங்கியிருந்த பகுதிக்கு அதிகத் தொலைவில்லாத பாட் ஹோம்பூர்க் நகரில் வளர்ந்தவர். டெட் ஹெரோல்ட் என்ற மேடைப் பெயரில் 1958-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது அவர் நம் மேல்நிலை இடைநிலைப்பள்ளி மாணவர் வயதில் இருந்தார். 1960-இல் வந்த 'மூன்லைட்' என்ற பாடல் ஜெர்மனியில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பத்திரிகைகள் அவரை 'ஜெர்மனியின் எல்விஸ்' என்றன.

பிறகு என்ன நடந்தது? கட்டாய இராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. அவர் திரும்பி வருவதற்குள் காலம் மாறியிருந்தது. ஹாம்பர்க் நகரின் இரவு விடுதிகளில் வாசித்துத் தேர்ந்த பீட்டில்ஸ் குழு உலகையே பிடித்துக்கொண்டது. இளைஞர்கள் புதிய ஒலியைத் தேடிப் போனார்கள். இருபது வயதைத் தாண்டியவுடனேயே டெட் ஹெரோல்ட் 'பழைய பாடகர்' ஆகிவிட்டார்.

இந்த இடத்தில்தான் அவருடைய கதை என்னை ஈர்க்கிறது. அவர் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பத்தைக் கற்று அந்தத் தொழிலில் இறங்கினார். நேற்றுவரை வானொலியில் ஒலித்த குரலுக்குரியவர், இன்று அதே வானொலிப் பெட்டியைத் திறந்து பழுதுபார்த்தார். நம் ஊராக இருந்தால் இதை 'வீழ்ச்சி' என்று பேசியிருப்போம். 'பாவம், எப்படி இருந்தவர்' என்று உச்சுக்கொட்டியிருப்போம். ஆனால் ஜெர்மனியில் கைத்தொழிலுக்கு ஒரு மரியாதை உண்டு. ஓர் இளைஞர் ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே தொழிற்கல்விப் பள்ளிக்கும் போகிறார். பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகளில் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறுகிறார். அது படிக்க முடியாதவர்களை ஒதுக்கிவைக்கும் மூலை அல்ல.

அந்தத் தொழில் அவருடைய பாட்டைக் கொல்லவில்லை, காப்பாற்றியது என்றே நான் நினைக்கிறேன். 1970களின் பிற்பாதியில் ஊடோ லிண்டன்பெர்க் என்ற ராக் பாடகர் தம் மேடைக்கு டெட் ஹெரோல்டை அழைத்துவந்தார். அழைப்பு வந்தபோது அவர் உடைந்துபோன மனிதராக இல்லை. சொந்தக் காலில் நிற்கும் மனிதராக இருந்தார். மீண்டும் பாடத் தொடங்கியவர் முதுமை வரை ராக் அண்ட் ரோல் மேடைகளை விடவில்லை. 2021-இல் டோர்ட்மண்ட் நகரில் ஏற்பட்ட தீ விபத்தில் அவர் இறந்தபோது வயது 79. முதலிடத்தில் இருந்தது சில வாரங்கள்தான். பாடகராக இருந்ததோ பல பத்தாண்டுகள்.

இரவல் இசை, சொந்த மொழி

'இதெல்லாம் வெறும் போலச் செய்தல்தானே? அமெரிக்கக்காரன் பாட்டை ஜெர்மானியன் பாடுவதில் என்ன பெருமை?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை இரண்டு எடுத்துக்காட்டுகளில் காணலாம்.

ஹாம்பர்க் வட்டாரத்தில் 1973-இல் 'ட்ரக் ஸ்டாப்' என்ற இசைக்குழு தொடங்கியது. முதலில் அவர்கள் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். 1970களின் பிற்பாதியில் ஜெர்மன் மொழிக்கு மாறியபோதுதான் மக்களிடம் பரவலாகச் சென்று சேர்ந்தார்கள். அவர்களைப் புகழ்பெறச் செய்த பாடல்களில் ஒன்று, இரவில் வண்டி ஓட்டும் ஒருவனின் ஏக்கத்தைச் சொல்வது. டேவ் டட்லி போன்ற அமெரிக்கப் பாடகர்களைக் கேட்க அவனுக்கு ஆசை. ஆனால் அதை ஒலிபரப்பும் ஏஎஃப்என் நிலையமோ வெகு தொலைவில் இருக்கிறது. வடக்கே அலைவரிசை எட்டவில்லை. இந்தப் பாட்டை எந்த அமெரிக்கனாலும் எழுதியிருக்க முடியாது. கிட்டாரும் ஃபிடிலும் அமெரிக்காவுடையவை. சாலையும் இரவும் அந்த ஏக்கமும் வட ஜெர்மனிக்கு மட்டுமே சொந்தம். இன்னொரு பாடலில் அவர்கள் 'வைல்ட் வெஸ்ட்' என்ற அமெரிக்காவின் மேற்குப் பகுதியையே ஹாம்பர்க்கின் புறநகருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள், தங்கள் ஊர் பாட்டில் வந்ததற்காகப் பெருமையும் பட்டார்கள்.

அடுத்தவர் குன்ட்டர் காப்ரியேல். வெஸ்ட்ஃபாலியா பகுதியில் உள்ள ப்யூண்டே என்ற ஊரில் 1942-இல் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதில் தாயை இழந்தவர். தொழிற்சாலையில் உழைத்தவர். 1970களின் தொடக்கத்தில் அவர் பாடிய முதல் வெற்றிப் பாடல் முப்பது டன் டீசல் லோரியை ஓட்டும் ஒரு மனிதனைப் பற்றியது. 1974-இல் வந்த அடுத்த வெற்றிப் பாடலில் ஒரு தொழிலாளி தன் முதலாளியிடம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறான். அக்கால ஜெர்மன் வானொலியில் நிலாவும் காதலும் விடுமுறைக் கடற்கரையும் நிறைந்த மென்பாடல்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதன் நடுவே சம்பள உயர்வைப் பற்றி ஒரு பாட்டு! கண்ட்ரி இசையின் மெட்டை மட்டும் கடன் வாங்கினால் அது போலச் செய்தல். உழைப்பவனின் நாளை அவன் பேசும் மொழியில் பேசுவது என்ற அதன் உள்ளத்தைக் கடன் வாங்கினால், அது சொந்தப் படைப்பு. காப்ரியேல் இரண்டாவதைச் செய்தார்.

எந்த இசை வடிவத்தைக் கையில் எடுத்தோம் என்பது அவ்வளவு முக்கியமல்ல. அதற்குள் நம் தெருவையும் நம் வீட்டுக் கவலையையும் நம் மொழியையும் கொண்டுவந்தோமா என்பதே கேள்வி. வெளியிலிருந்து வந்த வடிவங்களில் பாடவும் ஆடவும் முயலும் இளையோரை 'இது நம்முடையது அல்ல' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் பெரியவர்களும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கணக்குப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும்

காப்ரியேலின் கதையில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது மாணவர்களுக்குச் செய்யும் நன்மையாகாது. வெற்றி கொண்டுவந்த பெரும் பணத்தை அவர் வீட்டுமனை முதலீடுகளில் இழந்தார். கடன் சூழ்ந்தது. சில காலம் கேரவன் வண்டியில் வாழ்ந்தார். பின்னர் ஹாம்பர்க் நகரின் ஹார்பூர்க் துறைமுகத்தில் ஒரு படகு வீட்டில் குடியிருந்தார்.

தாமே பாடியது மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் வெற்றிப் பாடல்கள் எழுதிக் கொடுத்தவர் அவர். 1975-இல் யூலியானே வெர்டிங் என்ற பாடகி பாடிப் பெரும்புகழ் பெற்ற பாடல் அவர் எழுதியதுதான். இங்கே இசைத்துறையின் இயக்கத்தை மாணவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டு வானொலியில் ஒலிக்கும்போது, அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய தொகை தனி. பாடியவருக்கு உரிய தொகை தனி. ஜெர்மனியில் முதலாவதை கெமா என்ற அமைப்பும் இரண்டாவதை ஜிவிஎல் என்ற அமைப்பும் வசூலித்துப் பங்கிடுகின்றன. பாட மட்டும் தெரிந்தவருக்கு ஒரு வாசல். எழுதவும் தெரிந்தவருக்கு இரண்டு வாசல்கள். மேடை அழைப்பு நின்றுபோன பிறகும் எழுதிய பாட்டு எங்காவது ஒலித்துக்கொண்டிருந்தால் எழுதியவருக்குப் பணம் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உரிமை யாருக்கு என்று படித்துப் பார்ப்பது, தாளம் தப்பாமல் பாடுவதைப் போலவே ஒரு கலைஞனின் கடமை.

கடனில் மூழ்கியபோது காப்ரியேல் செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயிரம் யூரோ கொடுத்தால் யார் வீட்டிற்கும் வந்து, வரவேற்பறையில் அமர்ந்து பாடுவேன் என்று அறிவித்தார். அப்போது அவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். ஒரு காலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றியவர், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். சோபாவில் அமர்ந்த குடும்பத்தினர் முன் பாடினார். அடுத்த வீட்டுக்குப் போனார். இப்படிப் பாடிப் பாடியே கடனை அடைக்க முற்பட்டார். 'என் தகுதிக்கு இது குறைவு' என்று வீட்டில் முடங்கியிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அது முடியவில்லை. 2003-இல் ஜானி கேஷின் பாடல்களை, டென்னசியில் கேஷுக்குச் சொந்தமான ஒலிப்பதிவுக் கூடத்திலேயே ஜெர்மன் மொழியில் பாடிப் பதிவு செய்த தொகுப்பு வெளிவந்தது. 2009-இல் இன்னொரு தொகுப்பில் புதிய தலைமுறையின் ராக் பாடல்களையும் ஜெர்மன் மொழியில் தமக்கே உரிய கரகரத்த குரலில் பாடினார். தொடர்ந்து பெர்லின் மேடை நாடகம் ஒன்றில் ஜானி கேஷாகவே நடித்தார். 2017-இல், 75 வயது நிறைந்த சில நாள்களில், படியில் விழுந்து பட்ட காயத்தால் ஹனோவரில் இறந்தார். கடைசிவரை அவருக்கு வேலை இருந்தது.

தனிமனிதத் துணிவு மட்டும் போதுமா?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். 'ஹெரோல்டும் காப்ரியேலும் ஒருமுறையாவது உச்சத்தைத் தொட்டவர்கள். பெயர் இருந்ததால்தான் மறுவாழ்வு கிடைத்தது. பெயரே கிடைக்காத பாடகன் என்ன செய்வான்?' என்று கேட்பீர்கள். இந்த மறுப்பை என்னால் ஒதுக்கிவிட முடியாது. பெயர் கிடைக்காத பாடகர்களே எங்கும் அதிகம். அவர்களிடம் 'உழைத்தால் உயரலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நேர்மையல்ல.

அதற்கு ஜெர்மனி சமுதாயமாகக் கண்ட ஒரு பதில் இருக்கிறது. 1981-இல் இயற்றப்பட்டு 1983-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சொந்தமாகத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு சமூகக் காப்புறுதித் திட்டம் உண்டு. மருத்துவக் காப்புறுதிக்கும் முதுமைக்கால ஓய்வூதியத்திற்கும் கட்ட வேண்டிய தொகையில், ஓர் அலுவலக ஊழியரைப் போலவே, கலைஞர் பாதியை மட்டும் கட்டுகிறார். மறுபாதியில் ஒரு பங்கை, கலைஞர்களின் படைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் செலுத்துகின்றன. எஞ்சியதை அரசாங்கம் தருகிறது. பட்டியலில் முதலிடம் பிடித்தவர், கிராமத்துத் திருவிழாவில் மட்டும் பாடுபவர் என்ற பாகுபாடு அதில் இல்லை. கலையைத் தொழிலாகச் செய்து குறைந்தபட்ச வருமானம் ஈட்டினால் போதும்.

சிறிய பாடகர்கள் நிலைத்திருக்க அவர்களின் மன உறுதி மட்டும் காரணமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கைத்தொழிலை மதிக்கும் கல்வி முறை, எழுதியவருக்குப் பணம் சேர்க்கும் அமைப்பு, நோயிலும் முதுமையிலும் தாங்கும் காப்புறுதி, உள்ளூர்க் கலைஞரை அழைக்கும் ஊர் விழாக்கள் ஆகியவை ஒன்றுசேரும்போதுதான் ஒரு வட்டாரக் கலைஞன் வாழ முடிகிறது. எனவே 'கலைஞன் ஏன் வறுமையில் இருக்கிறான்' என்ற கேள்வியை அவனிடம் மட்டும் கேட்பது தவறு. அவனை அழைத்துப் பாடவைத்துவிட்டு, 'நம்ம பையன்தானே' என்று பணம் கொடுக்காமல் அனுப்பும் விழா ஏற்பாட்டுக் குழுக்களிடமும் கேட்க வேண்டும். பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கங்களின் விழாக்களை நடத்தும் இளையோரும் அந்தக் குழுக்களில் அடங்குவர்.

மாணவர்களுக்கு

எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் மாணவரே, உங்களுக்குக் குரல் இருந்தால் பாடுங்கள். ஆனால் பாட்டை நெடுநாள் பாட வேண்டும் என்பதற்காகவே ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். மின்னியல், கணக்கியல், சமையல், ஒலிப்பொறியியல் என எதுவாகவும் இருக்கட்டும். டிப்ளோமாவோ தொழிற்கல்விச் சான்றிதழோ உங்கள் கனவைத் தோற்கடிக்க வந்த எதிரி அல்ல. 'பாட்டு ஓடவில்லையென்றால் வாடகைக்கு என்ன செய்வது' என்ற அச்சம் இல்லாதவர்தான், பிடிக்காத பாட்டைப் பாடமாட்டேன் என்று துணிந்து சொல்ல முடியும்.

பாடுவதோடு எழுதவும் பழகுங்கள். உங்கள் பாட்டுக்கு உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிடைக்கும் முதல் பணத்தை எங்கே போடுவது என்று, அது கிடைப்பதற்கு முன்பே யோசித்து வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை பாடகனாக வேண்டும் என்று சொன்னால் உடனே 'புகழ் கிடைக்குமா' என்று கணக்குப் போடாதீர்கள். பாட்டோடும் இன்னொரு வேலையோடும் நிம்மதியாக வாழ்கிற ஒரு மனிதராக அவன் ஆக முடியுமா என்று யோசியுங்கள். அந்தக் கேள்விக்கு 'முடியும்' என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

'ஜெர்மனியின் எல்விஸ்' என்று அழைக்கப்பட்டவர் ஒரு காலத்தில் ஸ்பானரும் சால்டரிங் கம்பியும் பிடித்தார் என்பதில் எனக்கு எந்த அவமானமும் தெரியவில்லை. எழுபது வயதை நெருங்கிய ஒருவர் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் பாடினார் என்பதிலும் தெரியவில்லை. பாட்டுக்காக அவர்கள் எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள் என்றுதான் தெரிகிறது. அந்தத் தயார்நிலை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேடை சிறியதா பெரியதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.